சிவப்புத் துணி கட்டிய கூடுகள்

கீழே கிடக்கும் இலையைத் திருப்பிப் பார்க்காமல் மரிய அருள் கடந்து போனதை நான் கண்டதில்லை. ஏழு வருடமாகப் பார்க்கிறேன். பஸ்ஸுக்கு நிற்கும்போது குனிவார், ஓர் இலையை எடுப்பார், அடிப்பக்கத்தைப் பார்ப்பார், போட்டுவிடுவார். செம்மண்டலத்தில் அவருடைய உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார். பந்தியில் உட்கார்ந்ததும், தண்ணீர் தெளிப்பதற்கு முன், வாழை இலையின் ஓரத்தைத் தூக்கி அடியில் பார்த்தார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி புஷ்பமேரி தொடையில் கிள்ளினார்.

"மானத்த வாங்காதீங்க. எலயில ஓட்ட இருக்கான்னு பாக்குறீங்கன்னு பொண்ணு வூட்டுக்காரங்க நெனைக்கப் போறாங்க."

"பழக்கம்டி."

"பழக்கமாம். பூச்சி இருந்தா அதுக்கும் ஒரு எல போடச் சொல்லுவீங்க."

அவர் பழக்கம் என்று சொன்னதை எங்கள் கல்லூரி ஆராய்ச்சி என்று பெயர் மாற்றி எடுத்துக்கொண்டது. எடுத்துக் கொடுத்த கைகளில் என் கையும் ஒன்று. அதனால்தான் இதை எழுதுகிறேன். இதை எழுத எனக்குத் தகுதி உண்டா என்ற கேள்வியையும் கூடவே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

மரிய அருள் கடலூரில் ஒரு தனியார் கல்லூரியின் விலங்கியல் துறையில் அட்டெண்டர். பத்தாம் வகுப்பு வரை படித்தவர். பதினைந்து வருடம் வேலை பார்த்தும் ஒப்பந்த ஊழியர்தான். ஒவ்வொரு ஜூன் மாதமும் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு இன்னும் ஒரு வருடம் நீட்டுவார்கள். ஜாடிகளைக் கழுவுவது, ஃபார்மலின் மாற்றுவது, மைக்ராஸ்கோப் துடைப்பது, துறைத் தலைவருக்கு டீ வாங்கி வருவது ஆகியவை அவர் வேலை.

நான் ஸ்ரீமுஷ்ணம் பக்கத்துக் கிராமம். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். முதல் நாள் ஆய்வகத்துக்குள் இஸ்திரி போட்ட சட்டையும் பையில் பேனாவுமாக ஒருவர் வந்ததைப் பார்த்து எழுந்து நின்று, "குட் மார்னிங் சார்" என்றேன். வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"உக்காரும்மா. சாரு பின்னால வராரு. நான் பாட்டில் கழுவுறவன்."

அன்றிலிருந்து அவர் எனக்கு அருள் அண்ணன்.

கல்லூரியின் சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டி நாட்டு வாதுமை எனப்படும் வாதாங்கொட்டை மரங்கள் ஆறு இருந்தனவாம். தானே புயல் ஐந்தைச் சாய்த்துவிட்டது. மிஞ்சிய ஒரு மரம் மொட்டையாக நின்று, அடுத்த கோடையில் தழைத்தது. அந்த வருடம், 2012 ஜூலையில், அதன் கீழே விழுந்து கிடந்த ஓர் இலையை அருள் அண்ணன் குப்பைக் கூடையில் போடப்போனார். அடியில் ஏதோ பிடித்துக்கொண்டிருந்தது. கட்டைவிரலைவிடத் தடிமனான பச்சைப் புழு. அதைத் தூக்கிப்போட மனம் வரவில்லை என்று சொல்லியிருக்கிறார். இலையோடு கொண்டுபோய் மரத்தில் ஒரு கிளையில் ஏற்றிவிட்டார். மறுநாள் போய்ப் பார்த்தார். அதற்கு மறுநாளும் போய்ப் பார்த்தார்.

அதற்கு டசார் பட்டு அந்துப்பூச்சி என்று பெயர் என்பதே அவருக்கு இரண்டு வருடம் கழித்துத்தான் தெரியும். வீடுகளில் வளர்க்கிற மல்பெரிப் பட்டுப்புழுவின் காட்டு உறவு அது. மரத்திலேயே பிறந்து, மரத்திலேயே வளர்ந்து, மரத்திலேயே கூடு கட்டுவது. நம் கடலோரத்தில் அதைக் கவனிப்பார் யாரும் இல்லை.

ஆய்வகத்தில் நோட்டு கேட்டால் துறைத் தலைவர் கொடுக்கமாட்டார். அதனால் அருள் அண்ணன் மளிகைக் கடைக்காரர் கொடுக்கும் தினசரி காலண்டரின் தாள்களை எடுத்துக்கொண்டார். காலையில் கிழிக்கிற தாளின் பின்பக்கம் வெறுமையாக இருக்கும். முன்பக்கத்தில் தேதியும் கிழமையும் ராகு காலமும் இருக்கும். "தேதி போடுற வேல மிச்சம்" என்பார். அன்று பார்த்ததைப் பின்பக்கத்தில் எழுதுவார். மாதக் கடைசியில் தாள்களைத் துளையிட்டு நூலில் கோப்பார். பதினோரு வருடத்துத் தாள்கள் இரண்டு பிஸ்கட் டின்களில் இருந்தன.

அவற்றில் சிலவற்றை இங்கே அப்படியே தருகிறேன்.

"முட்ட போட்டிருக்கு. வெந்தயத்த விட பெருசு. தட்டையா இருக்கு. சந்தனக் கலர்ல, நடுவுல ரெண்டு காப்பிக் கோடு. எண்ணிப் பாத்தேன், நூத்தி அறுவத்தி நாலு."

"ஒம்போதாம் நாள். பொரிஞ்சிடுச்சி. தல கருப்பு. ஒடம்பு பழுப்பு. பொரிஞ்சதும் மொதல்ல முட்ட ஓட்டத் தின்னுது."

"மூணாவது தரம் தோல் உரிக்குது. ஒரு நாள் பூரா அசையல. செத்துப்போச்சின்னு நெனச்சேன். சாயங்காலம் பழைய தோல்லேந்து வெளிய வந்து அதையே தின்னுது. இப்ப நல்ல பச்ச. பக்கத்துல வெள்ளிப் பொட்டு வச்ச மாதிரி மின்னுது."

"தராசுல வச்சேன். நாப்பத்தோரு கிராம். பொரிஞ்சப்போ தராசு முள்ளு அசையல."

புழு நான்கு முறை தோல் உரிக்கும். முப்பத்தைந்து நாள், நாற்பது நாள் தின்றுகொண்டே இருக்கும். பிறகு ஒருநாள் தின்பதை நிறுத்தி, வயிற்றைச் சுத்தமாகக் காலி செய்துவிட்டுக் கூடு கட்டத் தொடங்கும். முதலில் கிளையைச் சுற்றி நூலால் மோதிரம் போல ஒரு வளையம் போடும். அந்த வளையத்திலிருந்து ஒரு காம்பு இறங்கும். காம்பின் நுனியில் சின்னக் கோழி முட்டை அளவுக்குக் கூடு. கட்டி முடித்ததும் உள்ளேயிருந்து ஒரு வெள்ளைத் திரவத்தைத் தடவி அதை மரக்கட்டை போல இறுக்கிவிடும். நகத்தால் தட்டினால் டொக் என்று சத்தம் வரும். ஆவணியில் கட்டிய கூட்டிலிருந்து ஒரு மாதத்துக்குள் பூச்சி வந்துவிடும். கார்த்திகையில் கட்டிய கூடோ அப்படியே தூங்கும். மரம் சிவந்து, இலை மொத்தமும் கொட்டி, மொட்டையாக நிற்கும்போதும் கூடு காம்பில் ஆடிக்கொண்டே இருக்கும். அடுத்த ஜூன் மாதத்தில் முதல் மழை விழுந்தால்தான் எழுந்து வரும்.

எழுந்து வருவதை நான் ஒருமுறை பார்த்தேன். எம்.எஸ்சி. முதல் வருடம், சாயங்காலம் ஐந்தரை இருக்கும். காம்புப் பக்கம் கூடு நனைந்தது. உள்ளிருந்து ஏதோ நூலை இளக்கித் தள்ளியது. கசங்கிய துணிப்பந்து போல ஒன்று வந்து தலைகீழாகத் தொங்கியது. கால் மணி நேரத்தில் அந்தத் துணி தானே விரிந்தது. செங்கல் நிறம். ஒரு சாண் அகலம். இறக்கைக்கு ஒன்றாக நான்கு வட்டக் கண்ணாடிப் புள்ளி, ஒவ்வொன்றையும் சுற்றிக் கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக வளையம். தலையில் சின்ன இறகு போல இரண்டு கொம்பு.

"செவப்பன்" என்றார் அருள் அண்ணன். ஆணுக்கு அவர் வைத்த பெயர் அது. பெண் மஞ்சளாக, வயிறு பருத்து இருக்கும். அவளுக்கு மஞ்சக்காரி என்று பெயர். "மஞ்சக்காரி எங்கயும் போவமாட்டா. ஒக்காந்த எடத்துலயே இருப்பா. இவன் வாசனய மோந்துக்கினு எங்கேருந்தோ வருவான்."

"என்னண்ணே சாப்பிடும்?"

"ஒண்ணும் சாப்புடாது. வாயே கெடையாது. புழுவா இருக்கச்சே தின்னதுதான். அத வச்சிக்கினு ஒரு வாரம் பத்து நாளு. ஜோடி சேந்து, முட்டய வச்சிட்டு, முடிஞ்சிது."

அந்த வழியாக வந்த துறைத் தலைவர் நின்றார். "வாயில்லாத பூச்சிக்கு வாய் ஜாஸ்தியான ஆளு கெடச்சிருக்கான் பாரு" என்று சொல்லிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். ஆய்வகத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டியில் செவப்பன் ஒன்று ஊசி குத்தி வைக்கப்பட்டிருக்கும். அதை எடுத்தவர் அருள் அண்ணன். சீட்டில் 'சேகரித்தவர்' என்ற இடத்தில் துறைத் தலைவரின் பெயர் இருக்கும். ஐந்து வருடம் அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்று படித்தேன். எனக்கு ஒருநாளும் கேள்வி வரவில்லை. ஏன் வரவில்லை என்பதுதான் இன்று என் கேள்வி.

எம்.எஸ்சி. புராஜெக்டுக்குத் தலைப்புக் கேட்டபோது துறைத் தலைவர் சொன்னார்: "அருள்கிட்ட ரெண்டு டின் பேப்பர் இருக்கு. வாங்கி எக்ஸெல்ல ஏத்து. பதினோரு வருஷ டேட்டா. யாருகிட்ட இருக்கு இது?"

நான் போய்க் கேட்டேன். அருள் அண்ணன் அன்றே டின்களைக் கொண்டுவந்து கொடுத்தார். புஷ்பமேரி அக்கா ஒரு பழைய புடவையில் சுற்றிக் கொடுத்திருந்தார். மூன்று மாதம் உட்கார்ந்து ஏற்றினேன். எழுதி முடித்ததும், தரவு சேகரித்தவர் என்ற இடத்தில் அவர் பெயரைப் போட்டுத் துறைத் தலைவரிடம் கொண்டுபோனேன். பேனாவால் அடித்தார்.

"அட்டெண்டர் எடுத்த டேட்டான்னு போட்டா வெளி எக்ஸாமினர் ஒத்துக்குவாரா? நீ ஃபீல்டுக்குப் போனேன்னு எழுது. ஒனக்கு பிஎச்.டி. சீட்டு வேணுமா வேணாமா?"

வேண்டும். அப்பா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். நான் எழுதினேன். நன்றி தெரிவிக்கும் பக்கத்தில் மட்டும் 'ஆய்வக உதவிகளுக்காகத் திரு. மரிய அருள்' என்று ஒரு வரி. அவருடைய பதினோரு வருடத்துக்கு அந்த ஒரு வரிதான். அதைக் காட்டியபோது, "எம் பேரு அச்சு எழுத்துல நல்லா இருக்குல்ல" என்றார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்தத் தீசிஸைக் காட்டித்தான் 2023இல் சிதம்பரத்தில் எனக்கு ஆராய்ச்சி இடம் கிடைத்தது.

அதே வருடக் கடைசியில் அருள் அண்ணன் போன் செய்தார். குரல் சரியில்லை. 2017இல் அந்த மரத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு கூடுகள் எண்ணியவர் அவர். சைக்கிள் ஸ்டாண்டில் பெரிய வெள்ளை விளக்கு போட்ட பிறகு, பூச்சிகள் மரத்தை விட்டு விளக்கைச் சுற்றின. விடிந்ததும் காக்கை கொத்திக்கொண்டு போனது. வருடா வருடம் குறைந்தது.

"இந்த வாட்டி நாப்பத்து மூணுதாம்மா. இது ஜூன் வரைக்கும் நின்னு வெளிய வந்தா உண்டு. இல்லன்னா இந்த மரத்துக்கு இனிமே கெடையாது. வேற எங்கேருந்து வரும்? சுத்து வட்டாரத்துல நான் தேடாத மரம் இல்ல."

அதனால் ஒரு காரியம் செய்தார். வாதாங்கொட்டை மரத்தின் காய்ந்த காயும் இந்தக் கூடும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்று போலவே இருக்கும். விறகுக்கு யாரும் உடைத்துவிடக் கூடாது என்று, கூடு இருக்கும் ஒவ்வொரு கிளையிலும் அடையாளம் கட்டினார். புஷ்பமேரி அக்கா வீட்டில் தையல் வேலை செய்பவர். ரவிக்கை லைனிங் வெட்டிய மிச்சத்தில் சிவப்புத் துணி நிறைய இருந்தது. நாற்பத்து மூன்று கிளை, நாற்பத்து மூன்று சிவப்பு முடிச்சு. ஏணி போட்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமை கட்டினார்.

பிப்ரவரியில் கல்லூரிக்குத் தரம் நிர்ணயிக்க ஒரு குழு வருவதாக இருந்தது. சுவருக்கு வெள்ளை, செடிக்குத் தொட்டி, கழிப்பறைக்குக் கதவு என்று எல்லாம் அந்த ஒரு வாரத்தில் நடந்தது. 'வளாகத்தில் பட்டுப்பூச்சிப் பாதுகாப்பு' என்று துறைத் தலைவர் ஒரு பெரிய போஸ்டர் அடித்தார். படங்கள் அருள் அண்ணனின் போனில் எடுத்தவை. கீழே துறைத் தலைவர் பெயரும் என் பெயரும். பழைய மாணவி என்ற முறையில் போஸ்டர் பக்கத்தில் நின்று விளக்க என்னைக் கூப்பிட்டார்கள். நான் போனேன்.

குழு வருவதற்கு முந்தின நாள் காலையில் அருள் அண்ணனை நாற்காலி எடுத்துவர வெளியே அனுப்பியிருந்தார்கள். அந்த நேரத்தில் கல்லூரி அலுவலக சூப்பிரண்ட் வளாகத்தைச் சுற்றிப் பார்த்திருக்கிறார். இலையில்லாத மரம், கிளைக்குக் கிளை சிவப்புத் துணி.

"இது என்ன கோயிலா? வேண்டுதல் துணிய கட்டி வச்சிருக்கானுங்க. அரியர் பாஸாவணும்னு பசங்க கட்டியிருப்பானுங்க. கமிட்டி பாத்தா மானம் போயிடும். அவ்ளோ கிளையும் வெட்டி எரிச்சிடு."

சொன்னது, அந்த வாரத்துக்கு மட்டும் தினக்கூலிக்கு வந்திருந்த சாமிக்கண்ணுவிடம். வடலூர்க்காரர், அறுபது வயது இருக்கும். அந்த மரத்தைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. காப்பாற்றுவதற்காகக் கட்டிய துணிதான் எந்தெந்தக் கிளையை வெட்டுவது என்று அவருக்கு வழி காட்டியது. ஒன்று தப்பவில்லை.

ஒரு நாள் முன்பே வந்த நானும் நாற்காலியோடு திரும்பிய அருள் அண்ணனும் கேட்டுக்குள் ஒன்றாக நுழைந்தபோது சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் புகை. அவர் நாற்காலியைப் போட்டுவிட்டு ஓடினார். வெறும் கையால் நெருப்பைக் கலைத்தார். கூடுகள் கரிந்து, காம்போடு கிடந்தன. ஒன்றை எடுத்தார். சூடு தாங்காமல் கீழே விட்டார். திரும்பினார். பக்கத்தில் கம்பால் நெருப்பைத் தள்ளிக்கொண்டிருந்த சாமிக்கண்ணுவின் கன்னத்தில் ஓங்கி அறைந்தார்.

"உசுருய்யா அது! உசுரு! நாப்பத்து மூணு உசுரு!"

சாமிக்கண்ணு கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். "சாமி துணின்னு நெனச்சேன் தம்பி. சூடம் ஏத்திக் கும்புட்டுட்டுத்தான் வெட்னேன். ஆபீசரு சொன்னாரு." பிறகு கீழே பார்த்தார். "இந்தக் கொட்டைக்குள்ளயா? உசுரா?"

அருள் அண்ணன் சாம்பலைக் கிளறக் குனிந்தார். அன்று அந்த வளாகத்தில் அவர் அடிக்கக்கூடிய ஒரே ஆள் அந்தப் பெரியவர்தான். இதையும் நான் எழுதியாக வேண்டும்.

துறைத் தலைவரிடம் போய்ச் சொன்னோம். கம்ப்யூட்டரிலிருந்து தலையை எடுக்கவில்லை. "கமிட்டி போவட்டும்யா, பேசிக்கலாம். மரம்தான, தழையும்." மரம் தழையும். அதில் யாருக்குச் சந்தேகம்?

மறுநாள் கருத்தரங்க அறையில் குழு உட்கார்ந்திருந்தது. தலைவி வேறு ஊர்ப் பேராசிரியை ஒருவர். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போஸ்டரை வரி வரியாகப் படித்தார். அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது.

"இந்த மாசம் கூடு மரத்துலயே தூங்கணுமே. பாக்கலாமா?"

துறைத் தலைவர் முகம் மாறவில்லை. "பாதுகாப்புக்காக லேபுக்கு மாத்திட்டோம் மேடம். அருள், ரெண்டு கூடு எடுத்துட்டு வா." கண்ணாடிப் பெட்டியில் இருந்த பழைய ஓட்டைக் கூடுகளைத்தான் சொன்னார். அருள் அண்ணனுக்கும் அது புரிந்திருக்கும்.

அவர் போனார். வருவதற்குப் பத்து நிமிடம் ஆனது. தவளை அறுத்த காலத்து எனாமல் தட்டு ஒன்றை இரண்டு கையாலும் ஏந்தி வந்தார். அதைத் தலைவியின் முன்னால், பூச்செண்டுக்கும் முந்திரித் தட்டுக்கும் நடுவில் வைத்தார். தட்டு நிறைய சாம்பல். சாம்பலில் கரிந்த கூடுகள். ஒன்றிரண்டில் சிவப்புத் துணியின் நுனி கருகாமல் ஒட்டியிருந்தது.

"என்ன இது?"

"சாரு சொன்ன கூடு மேடம். நேத்து காலைல வரைக்கும் நாப்பத்து மூணு இருந்துச்சி."

"யார் எரிச்சது?"

"கிளீனிங் மேடம்."

"எதுக்கு?"

"நீங்க வர்றீங்கன்னுதான்."

கல்லூரி முதல்வர் சிரிப்பது போல ஒரு சத்தம் எழுப்பினார். தலைவி ஒரு கரிக் கூட்டை எடுத்துத் திருப்பினார், மெல்லக் கீழே வைத்தார். பிறகு போஸ்டரைக் காட்டி, "பதினோரு வருஷத் தரவு. இது யார் எடுத்தது?" என்று கேட்டார்.

கேள்வி என்னைப் பார்த்துத்தான் வந்தது. கையில் மைக் இருந்தது. துறைத் தலைவர் என்னைப் பார்த்தார். அருள் அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என்னோட தீசிஸ் மேடம்" என்றேன்.

அவர் கேட்டது அதுவல்ல. அவர் கேட்டதற்கு இரண்டே சொல்லில் பதில் இருந்தது. மரிய அருள். அவ்வளவுதான். என் பள்ளிக்கூடத்தில், என் பஞ்சாயத்தில், என் சொந்தக்காரர் மத்தியில் தைரியமான பெண் என்று பெயர் வாங்கியவள் நான். படித்தால் பயம் போய்விடும் என்று சொல்லித்தான் என்னைப் படிக்க அனுப்பினார்கள். படித்தபோது எனக்குக் கிடைத்தது, இழப்பதற்கு ஒரு சீட்டு. அதோடு பயமும் வந்தது. இது என் தப்பை மூட நான் கண்டுபிடித்த சமாதானமாகவும் இருக்கலாம்.

கல்லூரிக்கு நல்ல தரம் கிடைத்தது. போஸ்டர் இன்றும் தாழ்வாரத்தில் தொங்குகிறது. ஜூன் மாதம் அருள் அண்ணனுக்கு நீட்டிப்புத் தாள் வரவில்லை. வேறொரு கடிதம் வந்தது. புஷ்பமேரி அக்கா அதை என்னிடம் படிக்கக் கொடுத்தார். 'வளாகத்தில் தினக்கூலித் தொழிலாளி ஒருவரைத் தாக்கிய ஒழுங்கீனத்துக்காக' ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லையாம்.

படித்ததும் எனக்கு உடம்பு எரிந்தது. அடிபட்ட அன்று சாமிக்கண்ணுவுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்க அந்த அலுவலகத்தில் ஆள் இல்லை. மதியத்தோடு கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். அவரிடம் யாரும் புகார் வாங்கவில்லை, யாரும் விசாரிக்கவில்லை. அவருடைய கன்னம் இவர்களுக்கு நான்கு மாதம் கழித்துத்தான் தேவைப்பட்டது, இன்னொரு ஏழையை வெளியே தள்ளுவதற்கு.

அந்தக் கோபத்தோடு நான் கல்லூரிக்குப் போனேன். என் தீசிஸில் தரவு சேகரித்தவர் பெயரைத் திருத்த வேண்டும் என்றேன். அலுவலகத்தில் இருந்தவர் அலமாரியைத் திறந்து தேடினார். "டீ.சி.ல பேரு திருத்த ஃபாரம் இருக்கு, மார்க் ஷீட்டுல திருத்த ஃபாரம் இருக்கு. இதுக்கு ஃபாரம் கெடையாதும்மா" என்றார். நூலகத்துக்குப் போய் அங்கிருந்த பிரதியின் முதல் பக்கத்தில், என் பெயருக்கு மேல், பேனாவால் மரிய அருள் என்று எழுதினேன். நூலகர் பார்த்துவிட்டார். நூலகப் பொருளைக் கிறுக்கியதற்கு மன்னிப்புக் கடிதம் வாங்கிக்கொண்டுதான் விட்டார். அந்தக் கல்லூரியில் இந்த விவகாரத்தில் எழுதப்பட்ட ஒரே மன்னிப்பு அது. அதற்குப் பிறகும் எனக்கு ஒரு கோழைத்தனம் இருந்தது. சிதம்பரத்தில் என் வழிகாட்டியிடம் இதைச் சொல்ல இன்னும் ஆறு மாதம் எடுத்துக்கொண்டேன். சொன்னேன். முதலில் துறைத் தலைவரின் சம்மதக் கடிதம் வாங்கி வா, பிறகு பார்க்கலாம் என்றார். துறைத் தலைவர் தரவில்லை.

அருள் அண்ணன் இப்போது துறைமுகத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் வேலை செய்கிறார். மீன் பெட்டிக்கு ஐஸ் உடைத்துப் போடுவது. அந்த ஜூன் மாதம் மழை வந்தது. மரம் தழைத்தது. தினமும் வேலை முடிந்து சைக்கிளில் கல்லூரி மதிலுக்கு வெளியே வந்து நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவார் என்று வாட்ச்மேன் சொன்னார். ஆகஸ்டில் ஒரே ஒரு செவப்பன் வந்ததாம். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. மூன்று நாள் மரத்தைச் சுற்றியது. மஞ்சக்காரி இல்லை. அதன்பிறகு அவர் அந்தப் பக்கம் போகவில்லை.

போன தை மாதம் நான் ஒரு வேலையாக வடலூர் போனேன். சபைக்குப் பக்கத்தில் அன்னதானத்துக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தவர்களில் ஒருவரைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். சாமிக்கண்ணு. அவரே என்னை அடையாளம் கண்டார். பேசியபோதுதான் தெரிந்தது. முப்பது வருடமாகப் புலால் தொடாதவர், எறும்புப் புற்றில் கால் படாமல் ஒதுங்கி நடப்பவர்.

"அடிச்சது எனக்கு வலிக்கலம்மா. நாப்பத்து மூணுன்னு ஒரு கணக்கு சொன்னாரே, அதான் தூங்க வுடல. காய்ஞ்ச கொட்டன்னு நெனச்சிட்டேன். கோல வச்சித் தள்ளித் தள்ளி எரிச்சேன். அவுருகிட்ட யாராவது சொல்லணும், தெரியாம செஞ்சேன்னு."

"அவருக்குத் தெரியும் தாத்தா."

"தெரிஞ்சா வந்து ஒரு வார்த்த சொல்லியிருப்பாரே. 'பெரியவரே, தப்பு ஒம்மேல இல்ல'ன்னு. அத அவுரு வாயால கேக்கணும். வேற யாரு சொன்னாலும் அடங்கல."

வந்து அருள் அண்ணனிடம் சொன்னேன். புஷ்பமேரி அக்கா தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். அருள் அண்ணன் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழம சர்ச்சுல பூச முடிஞ்சதும் போறேன்."

அந்த ஞாயிறு போகவில்லை. அடுத்த ஞாயிறும் போகவில்லை. மூன்றாவது வாரம் போனில் கேட்டபோது எரிந்து விழுந்தார்.

"நான் போய் மன்னிப்புக் கேட்டா, அவனுங்க லெட்டர்ல எழுதினது சரின்னு ஆயிடாதா? ஆமாய்யா, நான் அடிச்சேன், என்னைத் தொரத்துனது நாயம்னு நானே சொன்ன மாதிரி ஆவாதா?"

"சாமிக்கண்ணு அந்த லெட்டர எழுதலண்ணே."

"தெரியும். அவுரு மேல எனக்கு என்ன கோவம்? தெனம் அவுரு மூஞ்சிதான் கண்ணுல நிக்கிது." சொல்லிவிட்டு உடனே, "ஒன் தீசிஸ்ல எம் பேரு வந்துச்சா? அது வரட்டும். நானும் போறேன்" என்றார்.

அவருக்குப் பின்னாலிருந்து புஷ்பமேரி அக்காவின் குரல் கேட்டது. "அந்தப் பொண்ணு செஞ்சதுக்கு அந்தக் கெழவரு என்ன பண்ணுவாரு? ரெண்டையும் ஏன் முடிச்சி போடுறீங்க?" போன் அணைந்துவிட்டது.

அருள் அண்ணன் ஒரு ஞாயிறு வருவார் என்று நான் முன்பே சொல்லியிருந்ததால், சாமிக்கண்ணு சென்ற வாரம் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து என்னைக் கூப்பிட்டார். உடம்பு முன்போல் இல்லை, நடக்க மூச்சு வாங்குகிறது என்றார். "ஞாயித்துக்கெழம கடலூர் பஸ்ஸு வர்ற நேரத்துக்கு நான் ஸ்டாண்டுல ஒக்காந்திருக்கட்டுமாம்மா? சபை வரைக்கும் அவுரு தேடிக்கினு அலைய வேணாம்" என்று கேட்டார். உட்காருங்கள் என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அந்த ஞாயிறும் போய்விட்டது. அவருக்குத் தர வேண்டிய அந்த ஒரு வார்த்தையோடு மரிய அருள் இன்னும் வடலூர் பஸ் ஏறவில்லை.